இருதயத்தின் இரண்டாம் ஒலி

ஒரு வீட்டின் உள்ளே நிகழ்வதைத் திண்ணையில் இருந்தவாறே அறிய விரும்புவோன் என் செய்வான்? கதவுகள் சாத்தப்படும் ஓசையைச் செவிசாய்த்துக் கேட்பான். எக்கதவு முந்திற்று, எது பிந்திற்று, எது பலமாக அறைந்தது, எது ஓசையின்றியே கிடந்தது என்பவற்றைக் கொண்டு, உள்ளேயிருப்போர் நலமாயுள்ளனரா, ஏதேனும் குழப்பம் நேர்ந்துளதா என்று ஒருவாறு ஊகிப்பான். மார்பின்மீது ஸ்டெதஸ்கோப்பை வைத்து இருதயத்தைக் கேட்கும் வைத்தியர் செய்வதும் இதுவே. இருதயம் நான்கு கதவங்களையுடைய ஒரு வீடு. வால்வு என்று வழங்கும் அக்கதவங்கள் மூடுங்கால் எழும் ஓசையே நாம் ‘லப்-டப்’ என்று குறிக்கும் இரண்டு ஒலிகள்.

இவ்விரண்டனுள் ‘டப்’ என்னும் இரண்டாம் ஒலி, நுணுகிக் கேட்குமிடத்து, அடுத்தடுத்து எழும் இரண்டு ஒலிகளின் சேர்க்கையாகும். அவ்விரண்டற்கும் இடையேயுள்ள சிறு இடைவெளி, நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது விரிகின்றது; வெளிவிடும்போது ஒடுங்குகின்றது. இடைவெளி எவ்வளவினது, அது சுவாசத்தோடு மாறுகின்றதா, மாறின் எம்முறையில் மாறுகின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறவல்லவர், இருதய நோய் பலவற்றை நோயாளியின் அருகே இருந்தவாறே ஐயுறவும், சிலவற்றை ஏறக்குறையத் துணியவும் கூடும். இதனை மாணவ நண்பர்கட்கு முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியம் பயிலாத நண்பர்களும் இதனை விளங்கிக்கொள்ளலாம்; இதற்கு வேண்டுவன சிறிது பௌதிக அறிவும் மிகுந்த பொறுமையுமேயாம்.

முன்னோர் கண்ட வழி

1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ரெனே லென்னெக் என்னும் வைத்தியர், இருதய நோயுற்ற ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க நேர்ந்தது. மார்பிலே செவியை வைத்துக் கேட்டல் தகாதெனக் கருதிய அவர், காகிதத் தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்துக் கேட்டார். நேரே செவியை வைத்துக் கேட்பதினும் அது தெளிவாக ஒலித்தது. இதுவே ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. 1819-ஆம் ஆண்டில் அவர் தாம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார்.

ஆயின், அக்கருவியைக் கண்ட பேரறிஞரே இரண்டாம் ஒலியின் காரணத்தைப் பிழையாகக் கொண்டார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. இருதயத்தின் மேலறைகள் சுருங்குவதால் அவ்வொலி பிறக்கின்றது என்று அவர் எண்ணினார். 1832-ஆம் ஆண்டில் ரூவானே என்பவர், கதவங்கள் மூடுதலே ஒலிகளுக்குக் காரணம் என்று கூறினார். அதன்பின் சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் சார்லஸ் வில்லியம்ஸ் முதலியோர் பிராணிகளின் இருதயத்தில், தமனிகளின் வாயிலிலுள்ள கதவங்களைக் கொக்கியால் பற்றி மூடவொட்டாமற் செய்து பார்த்தபோது இரண்டாம் ஒலி மறைந்தது. கொக்கியை விடுவித்தபோது மீண்டது. செவியால் கேட்டது கையால் மெய்ப்பிக்கப்பட்டது.

இரண்டாம் ஒலி சுவாசத்தோடு இயைந்து பிளவுபடுவதை 1866-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் போட்டேன் என்னும் வைத்தியர் தெளிவாக விவரித்தார். 1894-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ஐந்தோவன் இருதய ஒலிகளைக் கருவியாற் பதிவு செய்தார். ஆயினும், இப்பிளவின் முழுப்பயனும் வெளிப்பட்டது 1950-களில்தான். லண்டன் நகரத்து ஆப்ரி லேதம் என்பார், ஒலிப்பதிவுக் கருவியின் துணைகொண்டு, எந்நோயில் எப்பகுதி எவ்வளவு பிந்துகின்றது என்று அளந்து காட்டி, இருதயத்தைக் கேட்டறியும் கலைக்கு இரண்டாம் ஒலியே திறவுகோல் என்று நிலைநாட்டினார்.

இயற்கையான பிளவு

இருதயத்தின் வலப்புறம் உடலினின்றும் திரும்பும் அசுத்த இரத்தத்தை ஏற்று நுரையீரலுக்கு அனுப்புகின்றது. இடப்புறம் நுரையீரலிலிருந்து வரும் சுத்த இரத்தத்தை ஏற்று உடலெங்கும் செலுத்துகின்றது. இரண்டு கீழறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்திற் சுருங்குகின்றன. சுருங்கி முடிந்ததும், வெளிச்சென்ற இரத்தம் திரும்பி வாராவண்ணம் தமனிகளின் வாயிற்கதவங்கள் மூடிக்கொள்கின்றன. இடக் கீழறையின் வாயிலிலுள்ளது மகாதமனிக் கதவம். வலக் கீழறையின் வாயிலிலுள்ளது நுரையீரல் தமனிக் கதவம். முன்னது மூடும் ஒலி இரண்டாம் ஒலியின் முற்பகுதி. பின்னது மூடும் ஒலி அதன் பிற்பகுதி.

மகாதமனி முந்தி மூடுவது ஏன்? மகாதமனியில் இரத்த அழுத்தம் மிகுதி. சாதாரணமாக 120-க்கும் 80-க்கும் இடைப்பட்டது. நுரையீரல் தமனியிலோ ஏறக்குறைய 25-க்கும் 10-க்கும் இடைப்பட்டதே. மென்மையான நுரையீரல் நாளங்கள் இரத்தத்தை எளிதில் ஏற்றுக்கொள்வதால், வலக் கீழறை சுருங்கி ஓய்ந்த பின்னரும் இரத்தம் தன் வேகத்தால் சிறிது நேரம் முன்னோக்கியே செல்கின்றது. ஆதலின் வலப்புறக் கதவம் சற்றுத் தாமதித்து மூடுகின்றது. அழுத்த வேற்றுமை காரணமாகவே மகாதமனியின் ஒலி உரத்தும், நுரையீரல் தமனியின் ஒலி மெலிந்தும் கேட்கின்றன.

இனிச் சுவாசத்தின் தொழிலைக் காண்போம். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் உள்ளழுத்தம் குறைகின்றது. அதனால் உடலிலுள்ள இரத்தம் வலப்புறம் நோக்கி மிகுதியாக ஈர்க்கப்படுகின்றது. வலக் கீழறை அம்மிகுதியை வெளியேற்றச் சற்று நீண்ட நேரம் சுருங்க வேண்டியதாகின்றது. அதே வேளையில் விரிந்த நுரையீரலின் நாளங்களும் அகன்று, இரத்தத்தைத் தம்மிடத்தே தேக்கிக்கொள்கின்றன. எனவே நுரையீரல் தமனிக் கதவம் மேலும் பிந்துகின்றது. இடப்புறத்திற்கு வரும் இரத்தம் சிறிது குறைதலின், மகாதமனிக் கதவம் இம்மியளவு முந்துகின்றது. ஒன்று பிந்த, மற்றொன்று முந்த, இடைவெளி விரிகின்றது. வெளிச்சுவாசத்தில் இவையனைத்தும் மாறி நிகழ, இரண்டும் நெருங்கி ஒன்றாகின்றன.

இவ்விடைவெளி எவ்வளவு? இளைஞர் ஒருவர் மூச்சை உள்ளிழுக்குங்கால் ஏறக்குறைய 0.04 அல்லது 0.05 வினாடி. வெளிவிடுங்கால் 0.03 வினாடிக்கும் குறைவு. அத்துணைச் சிறிய இடைவெளியை நம் செவி பிரித்தறிய மாட்டாமையின் ஒரே ஒலியாகக் கேட்கின்றோம். ஆகவே, ‘உள்ளிழுக்கப் பிரியும், வெளிவிடச் சேரும்’ என்பதே நலமுற்ற இருதயத்தின் இலக்கணம். பின் வருவன யாவும் இவ்விலக்கணத்தினின்றும் பிறழ்ந்தவையேயாம்.

கேட்கும் முறை

ஒரு வினாடியின் நூற்றிலொரு கூறுகளைச் செவி கேட்குமோ என்று ஐயுறும் நண்பர்கள் ஒரு சிறு சோதனை செய்க. மேசையின்மீது சுட்டுவிரலால் மட்டும் ஒருமுறை தட்டுக: ஒற்றையொலி. பின்னர்ச் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றன்பின் ஒன்றாக, இயன்ற அளவு விரைவாக விழும்படி தட்டுக: ‘டப்’ என்றது ‘ட்ரப்’ என்று மாறும். அங்ஙனம் மாறியதே பிளவு. இரண்டு ஒலிகளையும் தனித்தனியே எண்ண இயலாவிடினும், ஒலியின் தன்மை மாறியதை எவரும் உணர்வர். நாளும் சிறிது நேரம் இதனைப் பயின்றால் செவி தானே கூர்மை பெறும்.

கேட்குமிடத்தை அறிதலும் இன்றியமையாதது. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்துக் கீழ்நோக்கித் தடவினால் குறுக்கே ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் இருபுறமும் இணைவன இரண்டாம் விலா எலும்புகள். இடப்புறத்து இரண்டாம் விலாவின் கீழேயுள்ள இடைவெளியில், மார்பெலும்பை ஒட்டினாற்போலக் கேட்க வேண்டும். மகாதமனியின் ஒலி மார்பு முழுவதும் கேட்கும்; மெலிந்ததாகிய நுரையீரல் தமனியின் ஒலியோ, நலமுற்றவரிடத்தில், இச்சிறு இடத்திலும் இதன் அண்மையிலுமே கேட்கும். இருதயத்தின் நுனியில் கேட்டுவிட்டுப் பிளவில்லை என்பவன், வடக்கு வாயிலில் நின்றுகொண்டு தெற்குக் கதவம் சாத்தும் ஓசை கேட்கவில்லையே என்பவனை ஒப்பான்.

நோயாளியை உட்காரவைத்து, இயல்பாக மூச்சுவிடச் சொல்லுதல் வேண்டும். மூச்சை அடக்கச் சொல்லுதல் பெரும்பிழை. அடக்கியவழி நாம் தேடும் மாற்றமே ஒழிந்துபோம். வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதைக் கண்ணால் நோக்கிக்கொண்டே செவியாற் கேட்க வேண்டும். முணுமுணுப்பு ஏதேனும் இருப்பினும், அதனை மனத்தால் ஒதுக்கிவிட்டு இரண்டாம் ஒலி ஒன்றையே சில சுவாசங்கள் அளவும் பின்பற்றுக. படுத்த நிலையில் வெளிச்சுவாசத்திலும் சிறு பிளவு கேட்கும் இளைஞர் உளர். அவர்களை எழுந்து உட்காரச் செய்தால் அது மறைந்துவிடும். மறையாது நிற்குமாயின் ஆராயத்தக்கது.

பிறழ்ச்சிகள் நான்கு

முதலாவது, அகன்ற பிளவு. இரண்டு ஒலிகளும் வெளிச்சுவாசத்திலும் பிரிந்தே நிற்கும். உட்சுவாசத்தில் இன்னும் அகலும். வலப்புறம் வழக்கத்தினும் பிந்துவதாலோ, இடப்புறம் வழக்கத்தினும் முந்துவதாலோ இது நேரும். கீழறைகளுக்கு மின்தூண்டுதலைக் கொண்டு செல்லும் நரம்பொத்த கிளைகள் இரண்டனுள் வலக்கிளை தடைப்படின், வலக் கீழறை பிந்திச் சுருங்கும்; அதன் கதவமும் பிந்தி மூடும். நுரையீரல் தமனிக் கதவம் குறுகியிருப்பினும் வலக் கீழறை அக்குறுகிய வழியே இரத்தத்தைத் தள்ள நெடுநேரம் உழைக்கின்றது. அப்பொழுது பிற்பகுதி ஒலி பிந்துவதோடு மெலிந்தும் போம். குறுக்கம் மிகமிகப் பிளவும் மிகும், ஒலியும் தேயும். மைட்ரல் கதவம் சரியாக மூடாது இரத்தம் பின்னோக்கி ஒழுகும் நோய் கடுமையாயிருப்பின், இடக் கீழறை இருவழியாலும் விரைந்து வெறுமையாகி, மகாதமனிக் கதவம் முந்தி மூடுகின்றது; அதனாலும் பிளவு அகலும்.

இரண்டாவது, தலைகீழ்ப் பிளவு. இது முதலிற் கேட்போரைத் திகைக்கச் செய்யும்: வெளிச்சுவாசத்தில் பிரிகின்றது, உட்சுவாசத்தில் சேர்கின்றது. காரணம் எளிது. இங்கே இடப்புறம் மிகப் பிந்திவிட்டது. நுரையீரல் தமனிக் கதவமே முதலில் மூடி, மகாதமனிக் கதவம் அதன் பின்னே மூடுகின்றது. மூச்சை உள்ளிழுக்கும்போது, இயற்கை முறைப்படியே, நுரையீரல் தமனியின் ஒலி பிந்துகின்றது. பிந்தி, தனக்குப் பின்னே நிற்கும் மகாதமனியின் ஒலியோடு போய்ச் சேர்ந்துகொள்கின்றது. சுவாசத்தின் தொழில் மாறவில்லை, வரிசைதான் மாறிற்று. மின்தூண்டுதலின் இடக்கிளை தடைப்பட்டவரிடத்தும், வலக் கீழறையில் பேஸ்மேக்கர் கருவியின் கம்பி பொருத்தப்பட்டவரிடத்தும், மகாதமனிக் கதவம் கடுமையாகக் குறுகியவரிடத்தும், இடக் கீழறையின் தசை தடித்து இரத்தத்தின் வழியை அடைப்பவரிடத்தும் இதனைக் கேட்கலாம்.

மூன்றாவது, பிளவின்மை. எச்சுவாசத்திலும் ஒரே ஒலிதான். முதுமையில் இஃது இயல்பாகவும் நேரும். ஆகவே முதியவரிடத்துப் பிளவு கேளாமை தன்னளவில் நோய்க்குறி ஆகாது. குழந்தையிடத்து நேரின் அச்சத்துக்குரியது. ஃபாலோ என்பார் பெயரால் வழங்கும் பிறவி நோயில், உடல் நீலம் பாரித்த குழந்தையின் நுரையீரல் தமனி ஒலி கேளாவண்ணம் மெலிந்துவிடுகின்றது. மகாதமனியின் ஒலியொன்றே எஞ்சுகின்றது. மகாதமனிக் கதவம் சுண்ணமேறி இறுகி அசையாதொழியின் முற்பகுதி ஒலி தேய்ந்து மறையும். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தவரிடத்தும் பிளவு பெரும்பாலும் ஒடுங்கும். ஆயின் அங்கே பிற்பகுதி ஒலி உரத்து, கதவை அறைந்து சாத்தினாற்போல் கேட்கும்.

நான்காவது, மாறாப் பிளவு. இரண்டு ஒலிகளும் அகன்று பிரிந்துள்ளன. ஆயின் உள்ளிழுத்தாலும் வெளிவிட்டாலும் அவ்விடைவெளி ஒரே அளவாகவே நிற்கின்றது. இதன் தலையாய காரணம், இரண்டு மேலறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரில் பிறவியிலேயே அமைந்த துளை. இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கேட்கும் செவி ஒன்றினால் ஓர் ஆயுள் காக்கப்படக்கூடிய இடம் இதுவே.

மாறாப் பிளவும் மறைந்து வாழும் நோயும்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கருதுவோம். அவள் ஓடுகிறாள், பாண்டி ஆடுகிறாள், பள்ளிக்குச் செல்கிறாள். சளியும் இருமலும் மற்றக் குழந்தைகளினும் சிறிது மிகுதி. உடல் சற்று மெலிவு. பெற்றோருக்கு ஐயம் யாதுமில்லை. பள்ளியில் நடந்த உடற்பரிசோதனையில் வைத்தியர் மார்பின் இடப்புற மேற்பகுதியில் ஒரு மெல்லிய முணுமுணுப்பைக் கேட்கின்றார். நலமுற்ற குழந்தைகள் பலரிடத்தும் அத்தகைய குற்றமற்ற முணுமுணுப்பு கேட்பதுண்டு. வளர வளர அது மறைந்துபோம். இச்சிறுமியிடத்துக் கேட்பதும் அத்தகையதோ, அன்றித் துளையின் குறியோ? முணுமுணுப்பை மட்டும் எவ்வளவு கேட்டாலும் பிரித்தறிதல் அரிது, இரண்டும் ஒத்தவை. பிரித்துக்காட்டுவது இரண்டாம் ஒலி. அது சுவாசத்தோடு விரிந்து ஒடுங்குமாயின் பெரும்பாலும் அஞ்சவேண்டுவதில்லை. அகன்று, அசையாது நிற்குமாயின் அச்சிறுமியை அவ்வாறே வீட்டுக்கு அனுப்பலாகாது.

அசையாமைக்குக் காரணம் யாது? இட மேலறையில் அழுத்தம் சற்று மிகுதியாகையாலும், வலக் கீழறை எளிதில் விரிந்துகொடுப்பதாலும், சுத்த இரத்தத்தின் ஒரு பகுதி துளையின் வழியே வல மேலறைக்குட் பாய்கின்றது. அங்ஙனம் வந்த இரத்தம் மீண்டும் நுரையீரலுக்கே செல்கின்றது. வலக் கீழறை எப்பொழுதும் மிகுதியான பாரத்தைச் சுமப்பதால் அதன் கதவம் எப்பொழுதும் பிந்துகின்றது. இது பிளவின் அகலத்துக்குக் காரணம். மூச்சை உள்ளிழுக்கும்போது உடலிலிருந்து வரும் இரத்தம் மிகுகின்றது. அதற்கு ஈடாகத் துளைவழியே வரும் இரத்தம் குறைகின்றது. வெளிவிடும்போது முன்னது குறைய, பின்னது மிகுகின்றது. ஒரு கையால் வாங்கியதை மறுகை ஈடுசெய்தலின், வலக் கீழறையின் மொத்தச் சுமை ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கின்றது. நுரையீரல் நாளங்களும் முன்பே நிரம்பி விரிந்துள்ளமையால் உட்சுவாசத்தில் மேலும் விரிய இடமின்றி உள்ளன. ஆகவே இடைவெளி அசைவதில்லை. கேட்கும் முணுமுணுப்போ, துளையினின்றும் எழுவதன்று. மிகுந்த இரத்தம் நுரையீரல் தமனி வாயிலைக் கடக்கும் இரைச்சலே அது. மேலறைகளின் அழுத்த வேற்றுமை மிகச் சிறிதாதலின் துளை தானாக ஓசை எழுப்புவதில்லை. வீட்டின் உட்சுவரிலுள்ள திறப்பு மௌனமாயிருக்க, வாயிற்கதவம் அதனைக் காட்டிக்கொடுக்கின்றது.

இத்துளையைக் கவனியாது விட்டால் நேர்வது யாது? இளமையில் பெரும்பாலோர் துன்பமின்றி வாழ்வர். அதனாலேயே இந்நோய் மறைந்து நிற்கின்றது. முப்பது, நாற்பது வயதைக் கடந்தபின், பல்லாண்டு சுமந்த பாரத்தால் வலப்புறம் வீங்கித் தளரும். மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும். மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தோன்றும். சிலரிடத்து நுரையீரல் நாளங்கள் தடித்து இறுகி, வலப்புற அழுத்தம் இடப்புறத்தை விஞ்ச, இரத்தம் மாறிப் பாய்ந்து உடல் நீலம் பாரிக்கும். ஐசன்மெங்கர் பெயரால் வழங்கும் அந்நிலை எய்தியபின் துளையை அடைத்தல் உதவாது; உயிருக்கே இடையூறாகும். அஃதாவது, எளிதில் தீர்க்கக்கூடிய காலத்தில் நோய் பேசாதிருக்கின்றது; பேசத் தொடங்கும் காலத்திலோ தீர்வு அரிதாகின்றது. முன்னைய காலத்தில் அது பேசும் மொழி இரண்டாம் ஒலி ஒன்றே எனலாம்.

தக்க காலத்தில் அறியப்படின் தீர்வு உண்டு, அதுவும் புதியதன்று. 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜான் லூயிஸ் என்னும் சத்திரவைத்தியர், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர்வித்து, இருதயத்தைத் திறந்து, கண்ணாற் கண்டு இத்துளையைத் தைத்து மூடினார். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன், இருதயத்தின் தொழிலையும் நுரையீரலின் தொழிலையும் ஏற்று நடத்தும் இயந்திரத்தின் துணையால், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இத்துளையையே மூடினார். இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சையின் வரலாறே இந்நோயோடு தொடங்கிற்று எனின் மிகையாகாது. 1970-களில் தொடையிலுள்ள சிரையின் வழியே குழாயைச் செலுத்தி, குடைபோல் விரியும் சிறு கருவியால் துளையை அடைக்கும் முறையும் கையாளப்பட்டது. இன்று, இடமும் அளவும் ஏற்றனவாயின், மார்பை அறுக்காமலே பலரும் நலம் பெறுகின்றனர்.

சில எச்சரிக்கைகள்

கேட்டதெல்லாம் பிளவு என்று கொள்ளலாகாது. மைட்ரல் கதவம் குறுகியவரிடத்து, அது திறக்கும்போது எழும் ‘சொடுக்கு’ ஒலி இரண்டாம் ஒலியை அடுத்து வந்து, பிளவு போல மயக்கும். ஆனால் அது மார்பெலும்பின் கீழ்ப்பகுதிக்கும் இருதய நுனிக்கும் இடையே நன்கு கேட்கும். நோயாளி எழுந்து நின்றால் இரண்டாம் ஒலிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி விரியும். இயல்பான பிளவோ நிற்குங்கால் ஒடுங்கும். நாடி மிக விரைந்தாலும், மார்பு பருத்தாலும், நுரையீரல் காற்றேறி வீங்கினாலும் கேட்டல் அரிதாகும். வலக் கீழறை தளர்ந்து சோர்ந்தவரிடத்தும், சுவாசத்தோடு சுமையை மிகுவிக்க அது வலியற்றிருத்தலின், பிளவு மாறாது நிற்றல் கூடும். துளை சிறிதாயின் பிளவு இயல்பாகவே இருத்தலும் உண்டு.

ஆகவே செவியின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பாகாது. மேலறைத் துளையில் இ.சி.ஜி. பதிவு வலக்கிளைத் தடையின் சாயலைக் காட்டும். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் நாளங்கள் தடித்துத் தோன்றும். 1953-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிவைத்த எக்கோ பரிசோதனை இன்று துளையைக் கண்ணுக்கு நேரே காட்டி, அதன் அளவையும் கூறிவிடுகின்றது. அங்ஙனமாயின், நூற்றிலொரு கூறு வினாடியைத் தேடிச் செவியை வருத்துவானேன் என்று மாணவர் வினவுதல் இயல்பே.

விடை இது: எக்கோக் கருவி தன் அறைக்கு வந்தவரையே பார்க்கும். துன்பமின்றி ஓடியாடும் குழந்தையை அவ்வறைக்கு அனுப்புவார் யார்? பள்ளிப் பரிசோதனையில் ஒரு நாளிற் பலரைக் காணும் இளம் வைத்தியரும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருமலுக்கு மருந்து வழங்குபவருமே அனுப்ப வேண்டியவர். அவர்கள் கையிலுள்ளது ஒரு ஸ்டெதஸ்கோப். ஒரு குழந்தைக்கு அவர்கள் ஒதுக்கக்கூடிய நேரம் நான்கைந்து சுவாசங்கள் அளவினது. அவ்வளவு நேரமும் மார்பின் உரிய இடத்தில், உரிய வினாவோடு செலவழிக்கப்படின் போதும். அவ்வினா இல்லாத செவிக்கு எத்துணை விலையுயர்ந்த கருவியும் ‘லப்-டப்’ என்பதன்றி வேறொன்றும் சொல்லாது.

எனவே, வைத்தியக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் நண்பர்காள், ஒரு பழக்கத்தை இன்றே மேற்கொள்ளுங்கள். முதலில் உங்கள் தோழர் மார்பில், பின்னர்க் குழந்தைகள் மார்பில், இயல்பான இரண்டாம் ஒலியை நூறு முறை கேட்டுப் பழகுங்கள். இயல்பை நன்கறிந்தவனுக்கே பிறழ்ச்சி புலனாகும். நோயாளி யாவரிடத்தும் முணுமுணுப்பைத் தேடுமுன் இரண்டாம் ஒலியைக் கேளுங்கள்: பிரிகின்றதா? மூச்சோடு மாறுகின்றதா? எம்முறையில்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

கேள்வியைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்துப் போற்றியவர் நம் முன்னோர். அவர் கருதியது சான்றோர் வாய்ச்சொல்லைக் கேட்டலை. ஆயினும், வாய்திறந்து தன் குறையைச் சொல்லத் தெரியாத ஒரு குழந்தையின் மார்பிலே செவிவைத்து, மூச்சு ஒன்று உட்புகுந்து வெளிப்படும் அளவும் பொறுத்திருந்து கேட்பதும் அச்செல்வத்தின் ஒரு பகுதியேயாம்.